எக்ஸ்எக்ஸ் ஆப்ஷன்கள்: ஜாவா ஹாட்ஸ்பாட்டின் பூட்டும் சாவியும்

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ஜாவா 8இல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரை ஜாவா 11க்கு மாற்றுவதற்காக ஒரு சனிக்கிழமை இரவைக் கேட்டு வாங்கியிருந்தோம். நிரலில் மாற்ற வேண்டியதை எல்லாம் மாற்றிச் சோதித்தும் பார்த்தாகிவிட்டது. சோதித்தது எல்லாம் எங்கள் லேப்டாப்பில். சர்வரில் இருந்த ஸ்டார்ட் ஸ்கிரிப்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரவு பதினொன்றரைக்கு சர்வரைக் கிளப்பினால், 'பிரின்ட் ஜிசி டேட் ஸ்டாம்ப்ஸ்' என்ற ஆப்ஷன் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு நின்றது. அதை எடுத்தோம். அடுத்து 'யூஸ் ஜிசி லாக் ஃபைல் ரொட்டேஷன்' தெரியாது என்றது. அதையும் எடுத்தோம். அப்புறம் 'யூஸ் சிகுரூப் மெமரி லிமிட் ஃபார் ஹீப்'. ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருளான ஜாவா விஎம், தெரியாத ஆப்ஷனை முதலில் பார்த்த இடத்திலேயே உயிரை விட்டுவிடும். இன்னும் எத்தனை பாக்கி என்று சொல்லாது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனோம்.

கடைசியில் சர்வர் எழுந்தபோது திரையில் இரண்டு எச்சரிக்கைகள் மிச்சம். 'மேக்ஸ் பெர்ம் சைஸ்' என்ற ஆப்ஷனுக்கான ஆதரவு 8ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, அதைப் புறக்கணிக்கிறேன் என்பது ஒன்று. 'அக்ரசிவ் ஆப்ட்ஸ்' கைவிடப்பட்டுவிட்டது, பின்னால் நீக்கப்படலாம் என்பது இன்னொன்று. முதல் எச்சரிக்கை எங்கள் லாகில் வருடக்கணக்காக வந்துகொண்டிருந்திருக்கிறது. யார் பார்த்தார்கள்?

இந்த ஆப்ஷன்கள் எல்லாமே ஜாவாக்காரர்கள் 'எக்ஸ்எக்ஸ்' என்று சொல்லும் ரகம். கட்டளை வரியில் கோடு போட்டு இரண்டு எக்ஸ் எழுதிக் கொடுப்பவை. இவை அவசரப்பட்டுப் பயன்படுத்தத் தக்கவை அல்ல, முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று ஆவணத்தில் ஆரம்பம் முதலே எழுதியிருந்தார்கள். அப்படியும் இவை இல்லாத ஜாவா சர்வரை நான் பார்த்ததில்லை. ஆதரவு தர மாட்டோம் என்று நாமே சொல்லும் ஓர் ஆப்ஷனை வெளியிடும் மென்பொருளில் விட்டுவைக்கலாமா, கூடாதா என்று ஒவ்வொரு குழுவும் ஏதோ ஒரு நாள் சண்டை போடுகிறது. அதற்கு இருபத்தைந்து வருட அனுபவத்தோடு ஓர் உதாரணம் வேண்டுமானால் ஹாட்ஸ்பாட்தான். சன் நிறுவனம் 1999இல் வெளியிட்ட ஜாவா விஎம் அது. இன்று ஓப்பன்ஜேடிகே என்ற பெயரில் பெரும்பாலானோர் ஓட்டுவதும் அதன் வாரிசைத்தான்.

முதலில் அங்கே என்னென்ன அடுக்குகள் இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். ஹாட்ஸ்பாட்டின் மூலநிரலில் ஆப்ஷன்களை அறிவிக்கும் கோப்புகள் தனியாக உண்டு. ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் அங்கே ஒரு ஜாதி எழுதப்பட்டிருக்கும். 'புராடக்ட்' ஜாதி என்றால் யாரும் எப்போதும் கொடுக்கலாம். 'டயக்னாஸ்டிக்' என்றால் கோளாறு கண்டுபிடிப்பதற்கானது. 'எக்ஸ்பெரிமென்டல்' என்றால் இன்னும் பழுக்காதது. இந்த இரண்டு ஜாதிக்கும் பூட்டு உண்டு. 'டெவலப்' என்பது விஎம்மை எழுதுகிறவர்களுக்கு மட்டும். வெளியிடும் பதிப்பில் அதன் மதிப்பு மாறாத எண்ணாகப் பதிந்துவிடும். அதைப் பயன்படுத்தும் நிரல்துண்டைக் கம்பைலர் அப்படியே வெட்டி எறிந்துவிடும். அதைக் கொடுத்தால், இது டீபக் பதிப்பில் (பிழை தேடுவதற்கான பதிப்பில்) மட்டும்தான் கிடைக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

இந்த டெவலப் ஜாதி எனக்குப் பிடித்த விஷயம். ஆப்ஷனை மறைத்து வைப்பது வேறு, இல்லாமலே செய்வது வேறு. மறைத்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள், பிளாக் எழுதுவார்கள், அது ஊரறிந்த ரகசியமாகிவிடும். மூலநிரல் திறந்து கிடக்கும் ஒரு திட்டத்தில் மறைப்பதற்கு அர்த்தமும் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் பல நூறு ஃபிளாகுகளையும் (ஆப்ஷன்களுக்கு இன்னொரு பெயர்) அவற்றின் இப்போதைய மதிப்போடு அதுவே பட்டியலிட்டுக் காட்டிவிடும். வெளியே விடவே கூடாது என்று நிஜமாக நினைப்பதை பில்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் மீதியையும் எடுத்துவிட்டால் என்ன? அதற்குப் பதில் 2011 ஜூலையில் கிடைத்தது.

அந்த மாதம் 28ஆம் தேதி ஜாவா 7 வெளிவந்தது. அதே நாளில், ஜாவாவில் எழுதிய தேடல் மென்பொருளான அப்பாச்சி லூசின் திட்டத்தார் ஓர் எச்சரிக்கை விட்டார்கள்: ஜாவா 7ஐ லூசினோடும் அதன்மேல் எழுந்த சோலரோடும் பயன்படுத்தாதீர்கள். புதிய விஎம்மில், நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் லூப்புகளைச் சீர்படுத்தும்போது சில லூப்புகளைத் தவறாக மாற்றிவிடுகிறது. விஎம் சில இடங்களில் செத்து விழுகிறது. அதைவிட மோசம், சில இடங்களில் சாகாமலே தவறான விடையைக் கொடுத்து, தேடல் இன்டெக்ஸைக் கெடுத்துவிடுகிறது. இந்தக் கோளாறு வெளியீட்டுக்கு ஐந்து நாள் முன்னால்தான் தெரியவந்தது. சன்னை அதற்குள் வாங்கியிருந்த ஆரக்கிள் வெளியீட்டைத் தள்ளிப்போடவில்லை.

கோளாறு சரியானது அக்டோபரில் வந்த 7 அப்டேட் 1இல். இடையில் ஏறக்குறைய மூன்று மாதம். ஜாவா 7ஐ விட முடியாது என்றிருந்தவர்கள் அதுவரை என்ன செய்வது? 'யூஸ் லூப் பிரெடிகேட்' என்ற எக்ஸ்எக்ஸ் ஆப்ஷனை அணைத்து வையுங்கள் என்றது லூசின் எச்சரிக்கை. அந்த ஃபிளாக் சாதாரண ஆளுக்கு எந்த வகையிலும் தேவைப்படாத ஒன்று. லூப்புக்குள் நடக்கும் எல்லைச் சோதனைகளை லூப்புக்கு வெளியே நகர்த்தும் ஒரு கம்பைலர் வித்தைக்கான சுவிட்ச் அது. கம்பைலர் எழுதுகிறவர்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்டதை, வெளியீட்டில் இருந்து எடுத்திருந்தால் அந்த மூன்று மாதமும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதே சம்பவத்தின் மறுபக்கமும் உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. ஜாவா 6இல் இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு என்று அதே எச்சரிக்கை சொன்னது. எப்போது என்றால், இயல்பாக அணைந்திருக்கும் இரண்டு ஆப்ஷன்களில் ஒன்றை அவர்கள் போட்டிருந்தால்: 'ஆப்டிமைஸ் ஸ்ட்ரிங் கான்கேட்' அல்லது 'அக்ரசிவ் ஆப்ட்ஸ்'. இந்த இரண்டாவது பெயரை மேலே எங்கள் ஸ்கிரிப்டில் பார்த்தோமே, அதேதான். அடுத்து வரப்போகும் பதிப்புகளில் இயல்பாக வரும் என்று எதிர்பார்க்கப்படும் வேகச் சீர்திருத்தங்களை இப்போதே இயக்கு என்பது அதன் பொருள். ஆவணத்தில் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான் இருந்தது. ஆனால் 'வேகம் கூடும்' என்ற செய்தி மட்டும் வாய்வழியாகப் பரவியது, பாட்டி வைத்தியம் மாதிரி. போட்டவர்கள் தங்களை அறியாமலே அடுத்த பதிப்பின் சோதனை எலிகளாக இருந்தார்கள். ஒரே கோளாறுக்கு ஓர் எக்ஸ்எக்ஸ் ஆப்ஷன் மருந்து, இன்னொன்று விஷம். இரண்டுக்கும் ஆவணத்தில் ஒரே எச்சரிக்கை வாசகம்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. 'ஆதரவில்லை' என்பது ஆவணத்தில் இருந்தது, ஸ்கிரிப்டில் இல்லை. ஆப்ஷனைக் காப்பி அடிக்கிறவன் ஆவணத்தையும் சேர்த்துக் காப்பி அடிப்பதில்லை.

மேக்ஸ் பெர்ம் சைஸ் கதையைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். பழைய ஹாட்ஸ்பாட்டில் கிளாஸ் விவரங்கள் போன்றவற்றை வைக்க 'பெர்மனன்ட் ஜெனரேஷன்' என்று தனியாக ஓர் இடம் இருந்தது. அதற்கு இயல்பாக ஒதுக்கிய அளவு, பெரிய பயன்பாடுகளுக்குப் போதவே போதாது. நிறைய கிளாஸ்களை ஏற்றும் எதுவும் பெர்ம்ஜென் நிறைந்துவிட்டது என்று ஒரு நாள் விழும். ஒரே வைத்தியம் மேக்ஸ் பெர்ம் சைஸ். அது காகிதத்தில் மாறக்கூடிய ஆப்ஷன், நடைமுறையில் ஜாவாவின் அடிப்படைப் பாடம். ஒரு குறையைச் சரிசெய்யாமல் அதற்கு ஆதரவில்லாத ஆப்ஷன் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனால், அந்த நாளிலிருந்து அது ஆதரவுள்ள ஆப்ஷன்தான். நாம் என்ன எழுதி வைத்தாலும் சரி.

நிரல் எழுத உதவும் மென்பொருளான எக்லிப்ஸுக்கும் அது தேவைப்பட்டது. ஆனால் இந்த ஆப்ஷன் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் உரியது. வேறு நிறுவனத்தின் விஎம்மிடம் கொடுத்தால் அது கிளம்பாமலே போகலாம். ஆகவே எக்லிப்ஸைக் கிளப்பும் சிறு நிரலான லாஞ்சர் ஒரு தந்திரம் செய்தது. விண்டோஸில் ஜாவாவின் டிஎல்எல் கோப்பைத் திறந்து, நிறுவனத்தின் பெயர் 'சன் மைக்ரோசிஸ்டம்ஸ்' என்று இருந்தால் மட்டும் ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுக்கும். 2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. ஜூலையில் வந்த 6 அப்டேட் 21இல் அந்தப் பெயரை 'ஆரக்கிள்' என்று மாற்றினார்கள். நியாயமான மாற்றம், கம்பெனி பெயர்தானே. லாஞ்சர் இது யாரோ வேறு ஆள் என்று நினைத்து ஆப்ஷனைச் சேர்க்காமல் விட்டது. எக்லிப்ஸ் உலகம் முழுக்க உறைந்தும் செத்தும் விழ ஆரம்பித்தது. கடைசியில் ஆரக்கிள் அதே அப்டேட்டை மறுபடி பில்ட் செய்து, பழைய கம்பெனியின் பெயரையே திரும்பப் போட்டு வெளியிட்டது. இல்லாமல் போன ஒரு நிறுவனத்தின் பெயரை, தன்னுடைய சொந்த மென்பொருளில், ஓர் ஆப்ஷனுக்காக! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், அப்புறம் லாஞ்சரை எழுதியவர் மேல் இரக்கமும் வரும். இந்த விஎம்முக்கு இந்த ஆப்ஷன் தெரியுமா என்று கேட்க, நின்றுவிடாமல் பதில் தரும் வழி இருந்திருந்தால் அவர் ஏன் பெயர்ப் பலகையைப் படிக்கப்போகிறார்?

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2009இல் ஜி1 என்ற புதிய கார்பேஜ் கலெக்டரை (பயன்படாத நினைவகத்தைத் திரும்ப எடுக்கும் பகுதி; இந்த வேலையின் சுருக்கப் பெயர்தான் ஜிசி) 6 அப்டேட் 14இல் விட்டபோது அதைச் சும்மா இயக்க முடியாது. 'அன்லாக் எக்ஸ்பெரிமென்டல் விஎம் ஆப்ஷன்ஸ்' என்று முதலில் எழுதி, அதன் பிறகுதான் ஜி1 ஆப்ஷனை எழுத வேண்டும். டயக்னாஸ்டிக் ஜாதிக்கும் இதே மாதிரி ஒன்று. பூட்டைத் திறக்காமல் கொடுத்தால் விஎம் நின்றுவிட்டு, இதை இயக்க இன்ன ஆப்ஷனைப் போட வேண்டும் என்று முழுப் பெயரையும் சொல்லும். பூட்டைத் தள்ளி எழுதிவிட்டால், அது முன்னால் வர வேண்டும் என்று அதையும் சொல்லும்.

சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டால் பூட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் முதல் மேலாளர் அப்படித்தான் கேட்டார். திருடனைத் தடுப்பது இந்தப் பூட்டின் வேலையே இல்லை. கட்டளை வரியில் தட்டச்சு செய்ய முடிகிறவனிடம் ஏற்கெனவே அந்தக் கணினி இருக்கிறது. (வெளியாள் எட்டக்கூடிய இடத்தில் டீபக் கதவை விடுவது வேறு பாவம். 1988 நவம்பரில் இணையத்தில் தானே பரவிய மாரிஸ் வார்ம் என்ற நிரல், சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளுக்குள் புகுந்தது, வெளியிட்ட பதிப்பில் அணைக்காமல் விட்ட 'டீபக்' கட்டளை வழியாகத்தான். அது நெட்வொர்க்கில் திறந்து கிடந்தது. அதற்குப் பூட்டு போதாது, செங்கல் வைத்து அடைத்திருக்க வேண்டும்.) ஹாட்ஸ்பாட்டின் பூட்டு செய்வது ஒரே வேலை: 'இது சோதனை ரகம்' என்ற வாசகத்தை ஆவணத்திலிருந்து எடுத்து ஸ்கிரிப்டில் ஒட்ட வைக்கிறது. ஆறு வருடம் கழித்து அந்த ஸ்கிரிப்டைத் திறக்கிறவருக்கு 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற சொல் கண்ணில் படும். விஎம் விழுந்தால் எழுதிவைக்கும் பிழைக் கோப்பிலும் ஆப்ஷன்கள் எல்லாம் வரிசையாகப் பதிவாகும். ஆதரவுக் குழுவில் இருப்பவர் கோப்பைத் திறந்ததும் இதைத்தான் முதலில் தேடுவார்.

பூட்டு போட்டு வந்தவை ஒழுங்காகவும் வளர்ந்திருக்கின்றன. ஜி1 2012இல் 7 அப்டேட் 4இல் முழு ஆதரவு பெற்றது, ஜாவா 9இல் இயல்பான கலெக்டரே ஆனது. இசட்ஜிசி என்ற இன்னொரு கலெக்டர் ஜாவா 11இல் பூட்டோடு வந்து, 15இல் பூட்டு கழன்றது. மேக்ஸ் பெர்ம் சைஸ், அக்ரசிவ் ஆப்ட்ஸ் மாதிரி தறுதலையாகத் திரிந்தவற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

குறையும் இருக்கிறது. ஓர் அறைக்குச் சாவி கேட்டால் இந்தப் பூட்டு கட்டடம் முழுவதையும் திறந்துவிடும். ஜி1க்காக ஒரு தடவை போட்ட அன்லாக், ஸ்கிரிப்டிலேயே தங்கிவிட்டால் பின்னால் வருகிறவர் சேர்க்கும் எல்லா எக்ஸ்பெரிமென்டல் ஆப்ஷனும் சத்தமில்லாமல் உள்ளே வரும். ரஸ்ட் மொழிக்காரர்கள் இதில் கறாராக இருந்தார்கள். நிலையான வெளியீட்டில் பழுக்காத வசதி எதையும் தொட முடியாது. தினமும் இரவில் தயாராகும் நைட்லி என்ற சோதனைப் பதிப்புக்குப் போக வேண்டும், அங்கேயும் ஒவ்வொரு வசதியையும் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கம்பைலர் தன்னைத் தானே பில்ட் செய்துகொள்ள 'ரஸ்ட்சி பூட்ஸ்ட்ராப்' என்ற சூழல் மாறி ஒன்று வேண்டியிருந்தது. அதை வைத்தால் நிலையான பதிப்பும் நைட்லி போல நடந்துகொள்ளும். லினக்ஸ் கெர்னலில் ரஸ்ட் நுழைந்தபோது அந்தப் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்தது.

ஹாட்ஸ்பாட் இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளாத பாடம் ஆப்ஷனைக் கொல்லும் விதம். சட்டப்படி மூன்று படி உண்டு. முதலில் கைவிடப்படும்: வேலை செய்யும், எச்சரிக்கை வரும். பிறகு வழக்கொழியும்: வேலை செய்யாது, எச்சரிக்கையோடு புறக்கணிக்கும். கடைசியில் காலாவதி: தெரியாது என்று சொல்லி விஎம் கிளம்பவே மறுக்கும். இந்த ஏற்பாடு அருமையானது. மேக்ஸ் பெர்ம் சைஸுக்கு இதைத் தாராளமாகவே கடைப்பிடித்தார்கள். 2014 மார்ச்சில் ஜாவா 8 பெர்மனன்ட் ஜெனரேஷனையே நீக்கியது; ஆனால் ஆப்ஷனைக் கொடுத்தால் 16ஆம் பதிப்பு வரை வெறும் எச்சரிக்கைதான். 2021 செப்டம்பரில் வந்த 17தான் கதவைச் சாத்தியது. ஏழரை வருடம். அதற்கு மேலும் யாராவது அழுதால் நான் இரங்க மாட்டேன்.

ஆனால் மற்றவற்றின் கதை அப்படி இல்லை. 2017க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு ஜாவா. பெரும்பாலானோர் ஓட்டுவதோ 8, 11, 17, 21 போன்ற நீண்டகால ஆதரவுள்ளவை மட்டும். 'யூஸ் சிகுரூப் மெமரி லிமிட் ஃபார் ஹீப்' கண்டெய்னருக்குள் (டாக்கர் போன்ற கருவிகள் ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) நினைவக எல்லையை ஜாவாவுக்குப் புரியவைக்க 8 அப்டேட் 131இல் வந்த எக்ஸ்பெரிமென்டல் ஆப்ஷன்; டாக்கர் பழகிய காலத்தில் கண்ட டாக்கர்ஃபைலில் எல்லாம் இது இருந்தது. 10இல் கைவிட்டார்கள், 11இல் இல்லை. எச்சரிக்கை 10இல் மட்டும். அந்த ஜாவா 10ஐ யார் சர்வரில் போட்டார்கள்? எட்டிலிருந்து பதினொன்றுக்குத் தாவியவர்கள் எச்சரிக்கையைத் தாண்டிக் குதித்து நேராகக் காலாவதியில் விழுந்தார்கள், நாங்கள் உட்பட. சிஎம்எஸ் கலெக்டரும் கிட்டத்தட்ட அப்படியே: 9இல் கைவிட்டு, 14இல் நீக்கினார்கள். புறக்கணிக்கிறேன் என்ற கட்டம் 14இல் மட்டும், ஆறே மாதம், 15இலிருந்து கிளம்பாது. 11இல் எச்சரிக்கையாவது வந்தது, அது ஆறுதல்.

மோசமானது ஜிசி லாக் ஆப்ஷன்கள். ஜாவா 9இல் லாக் முறையை முழுதாக மாற்றியபோது 'பிரின்ட் ஜிசி டீடெய்ல்ஸ்' போன்ற ஒரு சில மட்டும் எச்சரிக்கையோடு புதிய முறைக்கு மாற்றிக்கொடுக்கப்பட்டது. டேட் ஸ்டாம்ப்ஸ், ரொட்டேஷன் இரண்டையும் எந்தப் படியும் இல்லாமல் ஒரே வெட்டு. லாகில் தேதி போடு என்ற ஆப்ஷன், நினைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? அதற்காக ஒரு சர்வரை எழவிடாமல் செய்வது எனக்கு இன்றும் புரியாத கணக்கு. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இதற்கென்றே தன் ஜாவா விஎம் ஆப்ஷன் கோப்பில் தேவையான வரிக்கு முன்னால் எந்த ஜாவா பதிப்புக்கு என்று எண் போடும் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டது: 8க்கு இந்த வரி, 9க்கு மேல் இந்த வரி. ஆப்ஷனைக் கொடுத்தவர்கள் செய்ய வேண்டிய வேலையை வாங்கியவர்கள் செய்தார்கள்.

'தெரியாத ஆப்ஷன்களைப் புறக்கணி' என்று ஓர் ஆப்ஷனும் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை இரவு ஒருவர் அதைத்தான் போடச் சொன்னார். போட்டிருந்தால் அரை மணியில் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அதன் பிறகு ஹீப் (நிரல் தன் தரவுகளை வைக்கும் நினைவகம்) அளவுக்கான எக்ஸ்எக்ஸ் ஆப்ஷனில் ஓர் எழுத்து பிசகினாலும் விஎம் வாயைத் திறக்காது. தெரியாது என்று சொல்லி நிற்கிற விஎம்மையே நான் விரும்புகிறேன். நிற்பதற்கு முன் தெரியாதவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிற்கட்டும்.

எங்கள் குழுவில் சொந்தமாக ஒரு கட்டளை வரிக் கருவி உண்டு. அதில் இப்போது சோதனை ஆப்ஷன்கள் எல்லாவற்றின் பெயரும் 'சோதனை' என்ற முன்னொட்டோடு தொடங்கும். தனித்தனியே பூட்டு, மொத்தச் சாவி கிடையாது. போட்டு ஓட்டினால் லாகின் முதல் வரியிலேயே அவற்றின் பெயர் வரும். நீக்கும்போது, வாடிக்கையாளர்கள் நிஜமாகவே நிறுவியிருக்கும் இரண்டு பதிப்புகளிலாவது எச்சரிக்கை வந்த பிறகுதான் நீக்குவோம். நாங்கள் வெளியிட்ட பதிப்பு எத்தனை என்ற கணக்கு இதில் செல்லாது. மூன்று ஆப்ஷன்களை டெவலப் ஜாதி மாதிரி பில்டிலிருந்தே எடுத்துவிட்டோம். ஒருவர் மட்டும் கேட்டு எழுதினார், அவரும் எங்கள் பழைய ஊழியர்.

அந்த சர்வர் ஸ்கிரிப்டையும் அன்று விடியற்காலையில் சுத்தம் செய்தோம். பதினான்கு ஆப்ஷன்களில் நான்கு மிஞ்சின. மூன்றுக்குக் காரணம் தெரியும், பக்கத்தில் குறிப்பும் எழுதிவைத்தோம். நான்காவது, ஒரு குறிப்பிட்ட மெத்தடை ஜிட் கம்பைலர் தொடக் கூடாது என்று சொல்லும் வரி. எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு கம்பைலர் கோளாறுக்காக யாரோ போட்டது. போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அந்தக் கோளாறு எந்தப் பதிப்பில் சரியானது என்றும் தெரியவில்லை. எடுத்துப் பார்க்கலாம் என்றேன். மணி நாலேகால், யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் அங்கிருந்து கிளம்பிய நாள் வரை அந்த வரி அப்படியேதான் இருந்தது.